சர்வரில் துயிலும் கோப்புகளின் வயது நிர்ணயம்: ஒரு முன்னாய்வு

யாரும் தொடாத கோப்பு எது என்று துணிவதற்கு யுனிக்ஸ் வழிவந்த சர்வர்கள் மூன்று சான்றுகளைக் காத்து வருகின்றன: ஏ-டைம், எம்-டைம், சி-டைம். கடைசியாகச் சொன்னதைக் கோப்பின் பிறந்த நேரமாகக் கொண்டு ஜாதகம் கணிப்போர் ஒரு சாரார் உளர். அவர் கூற்று பொருந்தாது. உரிமையாளரையோ அனுமதியையோ மாற்றினாலும் அது மாறிவிடும்.

உள்ளடக்கம் மாறிய நேரமாகிய எம்-டைமை நம்பலாமோ எனின், ஆகாது. நேற்றுப் பிரித்த டார் பொதிக்குள் இருப்பவை 1998 என்று சாதிக்கும். நேரமே அறியாத அநாதைகளோ 1970 ஜனவரி 1, காலை 5:30 என்னும். பிரம்ம முகூர்த்தத்தில் இத்தனை பிரசவமா என வியக்க வேண்டாம். யுனிக்ஸ் கடிகாரத்தின் பூஜ்யம் கிரீன்விச் நள்ளிரவு, நமக்கு விடிகாலை.

எஞ்சியது ஏ-டைம், அதாவது கடைசியாகப் படித்த நேரம். படிக்குந்தோறும் வட்டில் எழுத வேண்டிய வீண்செலவு பொறாமல், 2009-இல் வந்த லினக்ஸ் 2.6.30 ஒரு சிக்கன முறையை இயல்பாக்கியது: பழைய பதிவுக்கு 24 மணி நேரம் கடந்திருந்தாலோ, அதன்பின் கோப்பு மாறியிருந்தாலோதான் புதுப்பிக்கும். முதுமை ஆய்வில் ஒரு நாள் பிசகு பெரிதன்று. (கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளையிடம் ‘+365’ என்றால், நாளின் மிச்சத்தை உதறிவிட்டு, 366 நாள் நிறைந்தவற்றையே அது காட்டும். ஓய்வு பெறுவோருக்கு ஒரு நாள் சலுகை.)

உண்மையான இடர் வேறு. எப்போது என்று சொல்லும் ஏ-டைம், யார் என்று சொல்லாது. ‘ஃபைனல்_நியூ_2_டெலீட்_பண்ணாதே’ என்ற கோப்பை வைரஸ் ஸ்கேனர் தவறாமல் வாசிக்கும். பேக்கப் மென்பொருளும் வாசிக்கக்கூடும். சர்வர் அதை இளமை ததும்பும் கோப்பென்று சத்தியம் செய்யும்.

சூப்பர் கம்ப்யூட்டர் மையங்கள் பல, தற்காலிக வட்டில் நெடுநாள் தொடாதவற்றை அழிக்கும். பயனர் தரப்பின் மறுமொழி ‘டச்’ கட்டளை. படிக்காமலே நேரத்தைப் புதுப்பிக்கும். சிலர் அதை, குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானே இயக்கும் கிரானில் போட்டுவிடுவர். போட்டவர் மறந்தாலும் கணக்கை மூடும்வரை அது ஓடும். ஆகவே, தவறாமல் தொடப்படுவதே எவரும் திறவாததற்கு அறிகுறி என்பது இவ்வாய்வாளர் துணிபு. அந்தக் கிரான் கோப்பின் எம்-டைம் தனி ஆய்வுக்குரியது.