ஸ்பேனர் பெரியப்பா

கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு ஒரு ஸ்பேனர் பெரியப்பா உண்டு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோதுதான் ஊருக்குக் கலெக்டர் வந்தார். பெரியப்பா அதற்கு வெகுகாலம் முன்பே, யாரும் நியமிக்காமல், பதவியில் இருந்தார். சர்க்கரை ஆலையிலோ கூட்டுறவு வங்கியிலோ கணக்கு எழுதி ஓய்வு பெற்றவராக இருப்பார். குழாய் வேலை படித்தவரில்லை. அதனாலேயே அந்த வேலையில் அவருக்குச் சந்தேகம் வருவதில்லை.

மார்கழி பிறந்தால் அவருக்கு சீசன். வருஷம் முழுக்க யாரும் சீண்டாத கீசரை அப்போதுதான் எல்லா வீட்டிலும் போடுவார்கள். போர் தண்ணீரின் உப்பு மரையில் படிந்து இறுகியிருக்கும். ‘லேசா சொட்டுதுங்க’ என்று பெரியம்மா சொல்லி முடிப்பதற்குள் லுங்கியை மடித்துக் கட்டி ஸ்டூல் மேல் ஏறிவிடுவார்.

“பிளம்பர் தம்பிய கூப்பிடலாம்ல?”

“அவன் வந்து என்ன பண்ணப் போறான்? அவன்கிட்ட இருக்கறதும் இதே ஸ்பேனர்தான்.”

வாஸ்தவம், இதே ஸ்பேனர்தான். ஆனால் பிளம்பர் கையை எடுக்கிற இடத்தில் பெரியப்பா, “இன்னும் ஒரு சுத்து” என்பார். அந்தச் சுத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். குழாயின் பாதி அவர் கையோடு வரும், மரையுள்ள மீதி கீசரின் வாய்க்குள்ளேயே தங்கிவிடும். கீழே நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மேலிருந்து தீர்ப்பு வரும்: “மெட்டீரியல் சரியில்ல. அந்தக் காலத்து ஜி.ஐ. பைப்பா இருந்தா இப்படி ஆகுமா?”

இனிமேல்தான் அவரைப் பார்க்க வேண்டும். மனிதர் ஆளே மாறிவிடுவார். ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு, சிக்கிய பிளாஸ்டிக் துண்டை மட்டும், பித்தளை மரையில் பல் படாமல், நீளவாக்கில் கீறுவார். இன்னொரு கீறல். பிறகு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அதை உள்பக்கமாக நெம்பி, சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற டாக்டர் போல முழுசாக வெளியே எடுத்துக் காட்டுவார். இது அசல் தொழில்காரர்களும் செய்கிற முறைதான். அவர்களே சில சமயம் அவசரத்தில் மரையைக் கெடுப்பதுண்டு. இவ்வளவு பொறுமை உள்ளவர் அந்த ஒரு சுத்தை ஏன் விட்டுவைக்க மாட்டேன் என்கிறார் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. உடைக்காவிட்டால் எடுத்துக் காட்ட வாய்ப்பு ஏது என்பது பெரியம்மாவின் கட்சி.

அடுத்தது துருகம் ரோட்டுக் கடைப் படலம். உடைந்த துண்டு மஞ்சப்பையில் பயணம் போகும். “எம்.டி.ஏ.வா, எஃப்.டி.ஏ.வா?” என்பான் கடைப் பையன். “இதுக்கு உள்ள போவுதே, அது.” “அரை இஞ்ச்சா, முக்காலா?” “இந்தா, சாம்பிள்.” சாம்பிளில் பாதிதான் இருக்கும், அதுவும் கீறி மடங்கியிருக்கும். பையன் நல்ல பிள்ளை, சுடுதண்ணீருக்கு என்றால் வெளிர்மஞ்சள் சி.பி.வி.சி.தான் தாங்கும் என்று எடுத்து வைப்பான். பெரியப்பா விலையைக் கேட்டுவிட்டு வெள்ளை பி.வி.சி.யைக் கையில் எடுப்பார். சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். வெள்ளைக் குழாய் சுடுதண்ணீரில் இளகித் தொய்ந்துவிடும். அப்படித் தொய்ந்தால் அதற்கும் மெட்டீரியல்தான் காரணம்.

கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டால் பையைச் சோதித்துத்தான் ஏற்றுவார்கள். காரணம் இருக்கிறது. வெள்ளிமலையில் சம்பந்தி வீட்டுக் குளியலறையில் எதையாவது உடைத்துவைத்தால், சரியான ஃபிட்டிங்குக்காக கோமுகி அணை தாண்டி கச்சிராயபாளையம் வரை இறங்கி வர வேண்டும். அதுவரை சம்பந்தி வீட்டார் மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். பெரியப்பா எதிர்த்துப் பேச மாட்டார். ரிங் ஸ்பேனர் இடுப்பில் இருக்கும்.

இது நம்மூர்ச் சரக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களிடமும் இந்த ஜாதி உண்டு. அந்த வண்டிகளின் ஹீட்டர் சிலவற்றில் டேங்க் அலுமினியம், அடியிலுள்ள அடைப்பான் மட்டும் நைலான். முறுக்கினால் மலிவான அடைப்பான் உடையட்டும், டேங்கின் மரை பிழைக்கட்டும் என்ற கணக்கு. அங்கேயும் யாரோ ஒரு பெரியப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கம்பெனிக்காரன் இந்த முடிவுக்கு வந்திருப்பான்.

சிரிப்பு நிற்கிற இடம் ஒன்று உண்டு. கீசருக்குப் பச்சைத் தண்ணீர் போகும் வழியில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். 25 லிட்டர் தண்ணீர் நன்றாகச் சூடாகும்போது அரை லிட்டர் போலப் பெருகும். வந்த வழியே திரும்ப வால்வு விடாது. ஆகவே அழுத்தம் ஏறி, வால்வின் சிறு துளை வழியாகச் சொட்டும். சொட்டுவதுதான் அதன் உத்தியோகம். பெரியப்பாவுக்கு எந்தச் சொட்டும் தன் மானத்துக்கு விட்ட சவால். எம்சீலை உருட்டி அந்தத் துளையிலேயே அப்பிவிடுவார். தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் பழுதானால், கொதிக்கிற அழுத்தம் போக வழியில்லாமல் டேங்கே வெடிக்கலாம். சுவிட்சை அணைத்து ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது.

ஆகவே, இந்த மார்கழியில் உங்கள் வீட்டுக்கும் அவர் வந்தால் வரவிடுங்கள். காபி கொடுங்கள். கீசரின் எம்.சி.பி.யை இறக்கி, மெயின் வால்வை மூடிவிட்டு ஸ்டூலைப் போடுங்கள். அவர் எதை வேண்டுமானாலும் உடைக்கட்டும், எழுபது எண்பது ரூபாயோடு போகும். எம்சீலை மட்டும் அவர் கண்ணில் படாமல் ஒளித்துவையுங்கள்.