இரண்டாவது கேள்வி

கல்லூரிகளில் பாகுபாட்டை ஒழிக்க 2012-இல் யு.ஜி.சி. விதிமுறை போட்டது. சம வாய்ப்பு மையம் வை, தனி அலுவலரை நியமி என்றது. வேற்றுமைகளைப் பேசித் தீர்க்க உரையாடல் வகுப்பும் வைக்கலாம். வருகைப் பதிவையும் கட்டாயமாக்கலாம்.

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் எந்த வகுப்புக்கும் போனதில்லை. மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளை போகையில் தர்கா முன் நிற்கிறார். முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள்.

உடனே புல்லரித்துவிட வேண்டாம். அதே வழியில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னதும் அடுத்தது: "ஊர்ல எந்தப் பக்கம்?"

பாடத்திட்டக் குழுவினரே, அந்த இரண்டாவது கேள்வியைக் கட்டாயப் பாடமாக்குங்கள். மற்றதெல்லாம் விருப்பப் பாடமாகவே இருக்கட்டும்.