பிந்தி வந்த காரணம்: நிலாவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

பாடசாலைக்குப் பிந்தி வருவதைப் பற்றி ஒழுக்கம் போதிப்பவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். பிந்தி வந்ததற்குச் சொல்லப்படும் காரணத்தைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இலங்கையில் கல்வி 1945 முதல் இலவசம்; பாடநூல் 1980 முதல் இலவசம்; சீருடைத் துணி 1993 முதல் இலவசம். காரணம் மட்டும் இன்றுவரை அவரவர் சொந்தச் செலவில் தேடிக்கொள்ள வேண்டியதாகவே இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க முனையும் இவ்வாய்வு நிலாவெளியைத் தன் களமாகக் கொள்கிறது. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர், புல்மோட்டை வீதியில் உப்புவெளியும் சாம்பல்தீவும் தாண்டினால் வரும் ஊர். ஆசிரியர்களில் பலர் நகரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். பிள்ளைகள் கோபாலபுரத்திலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் நடந்தும் சைக்கிளிலும் வருகிறார்கள். இரு சாராருக்கும் மணி 7.30, இரு சாராரும் பிந்துகிறார்கள். காரணம் சொல்பவரும் கேட்பவரும் ஒரே குற்றத்தில் பங்காளிகளாக இருக்கும் இடத்தில்தான் காரணத்தின் இயல்பு துலங்கும். இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: ஒரு காரணம் ஏற்கப்படுவது அது உண்மை என்பதால் அல்ல, கேட்பவரும் அதை எப்போதாவது சொல்லித் தப்பியிருக்கிறார் என்பதால்.

முதற் சான்று அதிபரின் மேசையில் கிடக்கிறது. ஆசிரியர்கள் கையொப்பமிடும் பதிவேட்டில் குறித்த நேரம் ஆனதும் சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீறப்படும். கோட்டுக்கு மேலே இருப்பவர் நேரத்துக்கு வந்தவர், கீழே இருப்பவர் பிந்தியவர். பார்வைக்கு எளிமையான ஏற்பாடுதான். பதிவேட்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் நுட்பங்கள் தெரியும். பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள கையொப்பங்கள் கால் நீட்டி, வால் சுழித்து, ஆறுதலாக இருக்கும். கோட்டை நெருங்க நெருங்க அவை ஒடுங்கும். கோட்டுக்கு நேர் மேலே, முன்னே வந்த யாரோ ஒரு நல்ல மனிதர் நண்பருக்காக விட்டுவைத்த வெற்று வரியில், எறும்பளவில் ஒரு கையொப்பம் குந்திக்கொண்டிருக்கும். வருகை நேரம் எழுதும் நிரல் இன்னும் சுவையானது. முதலாமவர் 7.15 என்று எழுதினால் அடுத்தவர் அதற்குக் குறைத்து எழுத முடியாது, கூட்டி எழுத அவருக்கு மனம் வராது. ஆகவே 7.15, 7.15, 7.15 என்று நிரல் இறங்கிக்கொண்டே போகும். ஒரே மேசையில், ஒரே பேனையால், ஒரே நிமிடத்தில் அரைவாசி ஆசிரியர் குழாமும் கையொப்பமிட்டதாக அது சாட்சி சொல்லும். கல்வியியற் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உள்ளபடி 7.27 என்று எழுதிவிட்டாரானால், அவருக்குப் பின் வரும் அத்தனை பேரும் 7.27க்குப் பிறகே வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அன்று ஆசிரியர் ஓய்வறையில் அவருடன் முகம் கொடுத்துப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். பதிவேட்டின் நேரம் கடிகாரத்தைச் சார்ந்ததன்று, முன்னவர் எழுதியதைச் சார்ந்தது என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. கைவிரல் அடையாள இயந்திரம் வைத்தால் இதெல்லாம் ஒழியும் என்பார்கள். இயந்திரம் காரணம் கேட்காது. எனவே அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

மாணவர் பக்கத்தில் சிவப்புக் கோடு கிடையாது. வாசற் கதவுதான் கோடு. அங்கே சொல்லப்படும் காரணங்கள் பொதுக் காரணம், தனிக் காரணம் என இரு வகைப்படும். “பஸ் வரல்ல சேர்” என்பது பொதுக் காரணம். மூன்று சொல் போதும், விளக்கம் தேவையில்லை. கேட்கும் சேரே அந்த பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து இப்போதுதான் இறங்கியிருப்பார். “சப்பாத்து காயல்ல மிஸ்”, “சைக்கிளுக்குக் காத்துப் போட்டுது”, “அம்மா கடைக்கு விட்டவ” என்பவை தனிக் காரணங்கள். இவற்றுக்குச் சாட்சி வேண்டும், விவரம் வேண்டும். விவரம் கூடக் கூட நம்பிக்கை குறையும். ஆகவேதான் பாடசாலைச் சுவருக்குப் பின்வீட்டுப் பிள்ளை உய்வதற்கு வழியே இல்லை. அந்தப் பிள்ளைதான் ஆக அதிகமாகப் பிந்தும் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர் எல்லாரும் அறிந்தது. தூரத்துப் பிள்ளை மணியை எண்ணிப் புறப்படும், கிட்டத்துப் பிள்ளை மணியைக் கேட்டுப் புறப்படும். போதாக்குறைக்கு, “பள்ளிக்கூடம் பக்கத்திலதானே, ஓடிப்போய்ப் பாண் வாங்கிற்று வா” என்று வீடு அதனிடம் கடைசி நிமிடம் வரை வேலை வாங்கும். ஒரே 7.40க்கு இருவரும் வாசலில் நின்றால் தூரத்துப் பிள்ளை உள்ளே போகும், கிட்டத்துப் பிள்ளை கடதாசி பொறுக்கும். பிந்திய நிமிடங்கள் சமம். பஸ்ஸில் வரும் ஆசிரியருக்குப் பின்வீட்டிலிருந்து வந்த அனுபவம் இல்லை என்பதே வித்தியாசம்.

கருதுகோளுக்கு இதைவிட உறுதியான சான்று கடற்கரையில் இருக்கிறது. கிழக்கில் கடல் அடங்கியிருப்பது ஏறத்தாழ சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. அப்போதுதான் கரைவலைக்காரருக்குக் கை நிறைய வேலை. விடியப்புறம் வலை இழுக்கும் தகப்பனோடு நின்றுவிட்டு, காலில் மணல் ஒட்டியபடி வரும் பையன் “வலை பிந்தித்தான் ஏறினது” என்பான். ஊரவரான ஆசிரியர் “என்ன மீன்?” என்று கேட்டுவிட்டு உள்ளே விடுவார். நகரிலிருந்து வந்தவர் அதே பையனை, அதே மணலோடு, வெயிலில் நிறுத்துவார். காரணம் ஒன்று, பையன் ஒருவன், தீர்ப்பு இரண்டு. உண்மைதான் அளவுகோல் என்றால் தீர்ப்பு மாறியிருக்கக் கூடாது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வீதியும் போக்குவரத்தும் சீரானால் பிந்துதலே மறைந்துவிடும், பிறகு காரணத்துக்கு ஏது இடம் என்பது முதல் மறுப்பு. இறக்கக்கண்டியில் 300 மீற்றர் நீளப் புதிய பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. வீதியைக் குறை சொல்லும் வசதி அன்றோடு குறைந்தது, பிந்துவது குறையவில்லை. பாலம் வருமுன் வீதி பழுது, வீதி திருந்திய பின் பஸ் பழுது. இதற்கு நேர்மாறான காட்சியை 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு காட்டியது. “பெற்றோல் இல்லை” என்பதைச் சொல்ல வாய் திறக்க வேண்டிய தேவைகூட அப்போது இருக்கவில்லை. நிரப்பு நிலையத்து வரிசையில் அதிபரும் நின்றார், ஆசிரியரும் நின்றார், மாணவனின் தகப்பனும் நின்றார். ஈற்றில் அரசாங்கமே பாடசாலை நாட்களைக் குறைத்தது. நாடு முழுவதற்கும் பொதுவான காரணம் ஒன்று கிடைத்தால் பிந்துதல் குற்றம் என்ற நிலையிலிருந்து விலகிச் சுற்றறிக்கை என்ற நிலையை அடையும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

காரணம் எதுவாக இருந்தாலும் நேரம் என்பது மாறாதது, 7.30 என்றால் 7.30தான் என்பது இரண்டாவது மறுப்பு. இப்படிச் சொல்பவர்கள் தொண்ணூறுகளில் இந்த நாட்டில் இருந்திருக்க மாட்டார்கள். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன, “புது நேரமா, பழைய நேரமா?” என்று கேட்காமல் ஒரு நேரத்தை உறுதி செய்ய முடியாதிருந்தது. 7.30க்குத் தொடங்கிய பாடசாலை உண்மையில் முதலில் பழைய 6.30க்கும், பிறகு பழைய 7 மணிக்கும் தொடங்கியது. பிள்ளைகள் இருட்டில் புறப்பட்டார்கள். ஒரு நாடு பத்து ஆண்டுகள் கழித்துத் தன் அரை மணித்தியாலத்தைத் திருத்திக்கொள்ளலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்துக்குக் கடிதம் கொண்டுவர வேண்டும்.

இன்றைய நேரமாவது சரியா? இலங்கையின் நியம நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்கு உரியது. நிலாவெளி இருப்பது ஏறத்தாழ 81.2 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் கணக்கிட்டால், நிலாவெளிச் சூரியன் நிலாவெளிக் கடிகாரத்துக்குச் சராசரியாக ஐந்து நிமிடம் பிந்தியே வருகிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் சூரியனின் ஆண்டு ஏற்ற இறக்கமும் சேர்ந்து அது பத்தொன்பது நிமிடம் ஆகும். அதாவது அந்த நாட்களில் 7.45க்கு வாசலில் நிற்கும் பிள்ளை, வானசாஸ்திரப்படி, நேரத்தோடு வந்த பிள்ளை. அப்படியானால் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் பத்து நிமிடத்துக்கு மேல் முந்துமே, அப்போது பிள்ளைகள் முந்தி வருவார்களா என்று கணித ஆசிரியர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் நவம்பரில் நிலாவெளியில் மழைக்காலம். சூரியன் கண்ணில் படுவது அருமை. காணாத சாட்சியைக் கொண்டு யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

கடைசி மறுப்பு ஒழுக்கம் பற்றியது, அதைச் சிரித்துத் தட்டிவிட முடியாது. இப்படி ஆளாளுக்குக் காரணத்தை ஏற்றுக்கொண்டே போனால் பிள்ளை நேரத்தின் அருமையை எங்கே கற்கும்? நேரம் பெறுமதியானதுதான். அதனால்தான் வாசலில் நடப்பதைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடம் பிந்திய பிள்ளை காலைக் கூட்டம் முடியும்வரை வெளியே நிற்கிறது, பிறகு பெயர் எழுதப்படுகிறது, பிறகு காரணம் விசாரிக்கப்படுகிறது, பிறகு புல் பிடுங்குகிறது. முதலாம் பாடவேளையின் பெரும்பகுதி போய்விடுகிறது. பிள்ளை தொலைத்தது ஐந்து நிமிடம், மிச்சத்தைத் தொலைத்தது பாடசாலை. நேரத்தின் அருமையை இவ்வளவு நேரம் செலவழித்தா கற்பிப்பது? சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையொப்பமிட்ட ஆசிரியரை யாரும் புல் பிடுங்க விடுவதில்லை. அவர் நேரே வகுப்புக்குப் போகிறார். அந்த ஏற்பாடு சரியானது. பிள்ளைக்கும் அதுவே சரியானது.

ஆகவே வலயக் கல்விப் பணிமனைக்கு இவ்வாய்வின் விண்ணப்பம் சிறியது. நெடுங்கோட்டுக்கு மதிப்பளித்து நிலாவெளியில் மணியை 7.35க்கு அடிக்கலாம். அப்போது எல்லாரும் 7.40க்கு வருவார்கள் என்பது தெரிந்ததே, அதை ஆட்சேபனையாக யாரும் எழுதி அனுப்ப வேண்டாம். அது முடியாதென்றால் இன்னொன்றாவது செய்யலாம். வாசலில் நின்று காரணம் கேட்கப் போகும் ஆசிரியர், முதலில் அலுவலகத்துக்குப் போய், தன் கையொப்பம் அன்று எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். அவர் வரும்வரை பிள்ளைகளை உள்ளே விட்டுவிடுங்கள்.