வருவாய்த் துறைக்கு ஒரு பொன்னாடை

தமிழ்நாட்டில் யார் யாருக்கோ பாராட்டு விழா எடுக்கிறோம். பாலம் கட்டியவருக்கு எடுக்கிறோம். கட்டாத பாலத்துக்கு அடிக்கல் நாட்டியவருக்கும் எடுக்கிறோம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் சத்தமில்லாமல் உழைத்து, வரப்பு கலையாமல், ஒரு பிடி மண் சிந்தாமல், லட்சக்கணக்கான ஏக்கரை மாயமாக்கிக் காட்டிய வருவாய்த் துறைக்கு இதுவரை ஒரு பிளக்ஸ் கூட வைத்ததில்லை. கிணற்றைக் காணோம் என்று போலீஸில் புகார் கொடுக்கும் வடிவேலுவைப் பார்த்து இன்றைக்கும் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். அது ஒரே ஒரு கிணறு. இங்கே கிணறு, களம், வரப்பு, சர்வே கல் சகிதம் ஊர் ஊராக நிலமே காணோம். யாரும் சிரிக்கக் காணோம்.

காணாமல் போனதன் பெயர் பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், தன் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடிசை நிற்கும் மண்ணே மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சும்மா கிடக்கிற தரிசைக் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. இதையெல்லாம் எழுதி, இவர்களுக்குச் சொந்த நிலம் கொடுங்கள் என்றார். 1892-ல் அதற்கான அரசாணை வந்தது. அப்படிக் கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம்.

நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாறலாம். மீறி வேறு யாருக்கு விற்றாலும் அது செல்லாது. நஷ்டஈடு தராமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பெரிய மனிதர்களை அந்த வெள்ளைக்கார அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இப்படிக் கொடுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அரசுத் தரப்புக் கணக்கு அதைவிடப் பல மடங்கு குறைவு. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் நாம் பாராட்ட வேண்டிய சாதனை. ஆகவே மேடை போடுவோம், விருதுகளை வழங்குவோம்.

முதல் விருது, பழைய கர்ணங்களுக்கும் மணியக்காரர்களுக்கும். 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைப் பதவிகளை ஒழிக்கும்வரை, ஊர்க் கணக்கு இவர்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தது. பஞ்சத்தில் ஒரு மூட்டை நெல், பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு கைமாற்று, ஒரு வெற்றுத்தாள், ஒரு கைநாட்டு. கடன் தீர்வதற்குள் நிலம் தீர்ந்துவிடும். மாடு கிடையாது, ஏர் கிடையாது, வாய்க்காலில் முறைத் தண்ணீர் கிடையாது என்று ஆக்கிவிட்டு, “இவனுக்கு விவசாயம் பண்ணத் தெரியாது சாமி” என்று மேலதிகாரியிடம் வருத்தப்பட்ட கருணையையும் விருதில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஊரின் வயலையெல்லாம் உழுதவன் அவன்தான் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது விருது, யு.டி.ஆர். என்று அழைக்கப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு. 1979-ல் தொடங்கி எண்பதுகளில் ஊர் ஊராக நடந்தது. யார் உடைமை மேம்பட்டது என்பதைப் பெயரில் சொல்ல மறந்துவிட்டார்கள். கிராம நிலப் பதிவேடான பழைய ஏ ரிஜிஸ்டரில் ‘டி.சி. நிலம்’ (ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலம்), ‘நிபந்தனைக்குட்பட்டது’ என்று இருந்த சர்வே எண்கள், புதுப் பதிவேட்டில் குளித்துத் தலைவாரிக்கொண்டு சாதாரணப் பட்டாவாக வந்து நின்றன. ஊருக்கு ஊர், நிபந்தனைப் பத்தியை மட்டும் பூச்சி தேடித் தேடித் தின்றிருக்கிறது. பூச்சிக்கும் சாதி தெரியும் போல.

மூன்றாவது விருது, பத்திரப் பதிவு அலுவலகங்களுக்கு. செல்லாத விற்பனைக்கு முத்திரைத் தீர்வை வாங்கி, அதன் மேல் ஒரு பவர், பவரின் மேல் ஒரு கிரயம், கிரயத்தின் மேல் ஒரு பாகப்பிரிவினை என்று அடுக்கி, அடியில் கிடக்கும் 1892-ஐ கண்ணிலிருந்து மறைத்தார்கள். மேலே மனை போட்டு, கொடி கட்டி, வேனில் ஆள் ஏற்றி வந்து, மதியச் சாப்பாடும் போட்டு விற்ற ரியல் எஸ்டேட் தேசபக்தர்களுக்கு ஆறுதல் பரிசு.

வாழ்நாள் சாதனையாளர் விருது கமிட்டிகளுக்கு. 2011-ல், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நிலத்தைக் கண்டறிய அரசு ஒரு குழு அமைத்தது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, நிலம் வரவில்லை. மக்களும் சளைக்காமல் ஜமாபந்தியில் மனுக் கொடுக்கிறார்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறார்கள், ஆர்.டி.ஐ. போடுகிறார்கள். “பார்வையில் காணும் தங்களது மனு பரிசீலிக்கப்பட்டது. கோரப்படும் ஆவணங்கள் இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது” என்கிற தினுசில் பதில் வருகிறது. மனுவையாவது முடித்துவைக்கிறார்களே.

அரசியல் கட்சிகளுக்கும் ஒரு கேடயம் உண்டு. 2019-ல் ‘அசுரன்’ படம் வந்ததும் தலைவர்களுக்குப் பஞ்சமி நிலம் திடீரென்று ஞாபகம் வந்தது. ஒரு கட்சிப் பத்திரிகையின் அலுவலகம் நிற்கும் மனை எப்படிப்பட்டது, மூலப்பத்திரம் எங்கே என்று மாறி மாறி அறிக்கை விட்டார்கள். விசாரிக்க வேண்டியதுதான், தவறில்லை. ஆனால் அந்த ஒரு மனைக்காகச் செலவான தொண்டைத் தண்ணீரில் ஒரு சொட்டாவது மிச்சமுள்ள லட்சக்கணக்கான ஏக்கருக்குக் கிடைத்ததா? எதிராளி உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும்தான் பஞ்சமி நிலம். தன் கட்சி ஒன்றியச் செயலாளர் உழுதுகொண்டிருப்பது பூர்வீகச் சொத்து.

இனி கொடுக்க வேண்டியது காவல் துறைக்கான விருது. இதற்குமேல் கேலி செய்ய மனம் வரவில்லை. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டார்கள். அந்த மண்ணில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். நிபந்தனையை மீறி நிலத்தை வாங்கியவர்கள்மீது இந்த மாநிலத்தில் ஒரு லத்தி உயர்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அரசாணையைப் படித்துவிட்டு வந்து கேட்டவர்களுக்குத் தோட்டா.

நிலத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்கிறார்கள். பொய். கோயில் நிலம் என்றால் இதே தாசில்தார், இதே சர்வேயர், இதே பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். ஜே.சி.பி. வருகிறது, வேலி வருகிறது, ‘இந்த இடம் திருக்கோயிலுக்குச் சொந்தமானது’ என்று பலகை வருகிறது, சில நேரம் அமைச்சரே வருகிறார். பதிவுத் துறைக் கணினியில் அந்த சர்வே எண்ணின் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட்டால் எந்தப் பத்திரமும் நகராது. நல்ல காரியம், செய்யட்டும். சாமி சொத்தை மீட்கத் தெரிந்த கைக்கு, அந்தச் சாமியைத் தெருவில் நின்று கும்பிடவைக்கப்பட்டவன் சொத்து என்றால் மட்டும் ஏன் பக்கவாதம் வருகிறது? தொழிற்பேட்டைக்கு இடம் வேண்டும் என்றால் சர்வே எண் வாரியாகப் பட்டியல் வந்து விழுகிறது. பஞ்சமி என்றதும் கோப்பைக் கறையான் அரித்துவிடுகிறது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது நிதி வேண்டாம். ‘செல்லாது, இழப்பீடில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. அதை மீறிய விற்பனைகள் செல்லாது என்று உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. குறைவது துணிச்சல். நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவர் ஊருக்குப் பத்துப் பேர்தான். ஆனால் பூத் கமிட்டி அவர்களிடம், கட்சி நன்கொடை அவர்களிடம், கலெக்டர் வந்தால் இளநீர் வெட்டித் தருவதும் அவர்கள்தான். நிலத்தை இழந்தவரிடம் இருப்பது வாக்கு மட்டும். அதைச் சமத்துவபுரம், சிலை, பிறந்தநாள் மாலை என்று மலிவாக வாங்கிவிடலாம் என்பது இரண்டு பெரிய கட்சிகளின் அனுபவம்.

ஆட்சியில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் கேட்க வேண்டியது இவ்வளவுதான். யு.டி.ஆருக்கு முந்தைய ஏ ரிஜிஸ்டரை கிராம வாரியாக எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அதில் நிபந்தனை உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பதிவை முடக்குங்கள். அளந்து, கல் நட்டு, உரியவரின் வாரிசு கையில் பட்டா கொடுங்கள். ஏறி உழ விடாமல் தடுப்பவர்மீது வழக்குப் போடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதியினர் நிலத்தைப் பறிப்பது குற்றம் என்று எழுதியே இருக்கிறது.

இதைச் செய்ய மாட்டோம் என்றால் அதையாவது நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். நிலம் தொலைந்துபோய்விட்டது என்ற கதை மட்டும் வேண்டாம். அது எங்கேயும் தொலையவில்லை. யார் கையில் இருக்கிறது என்று அந்தந்த ஊருக்கும் தெரியும், அந்தந்த வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.