தானே கட்டுவதா, கட்டியதை வாங்குவதா: ஆவியாக்கி குறித்த ஒரு திட்டக்குடி விசாரணை

உலகத்தில் தீராமல் கிடக்கும் பிரச்சினைகளுள் பெரியவை என்று பெயர் பெற்றவற்றையெல்லாம் பெரியவர்களுக்கே விட்டுவிட்டு, பஞ்சும் கம்பியும் சேர்ந்த கட்டைவிரலளவுக் கருவி ஒன்றை மனிதன் தன் கையாலேயே கட்டிக்கொள்ள வேண்டுமா, அல்லது ஆலையில் கட்டி முடித்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்னும் ஒன்றை மட்டும் இக்கட்டுரை விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது. மின்சிகரெட்டின் உயிர்நிலையாகிய ஆவியாக்கியே அக்கருவி. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், அதைச் சுற்றிய காயில் என்னும் கம்பிச்சுருள் மின்சாரத்தால் சூடேறும், திரவம் ஆவியாகும், அந்த ஆவியை ஒருவர் உள்ளே இழுத்து, பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் விடுவார். இவ்வளவே ஆன இக்காரியத்தில் உலகத்தார் இரண்டு சமயங்களாகப் பிரிந்து நிற்கின்றனர். கம்பியைத் தாமே சுற்றி, பஞ்சைத் தாமே திணித்து, திருகாணியைத் தாமே முடுக்குவோர் ஒரு சாரார். இவர்களைச் சுயபந்தனவாதிகள் எனலாம். கருகிய காயிலைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதைச் செருகுவோர் மற்றொரு சாரார், இவர்கள் சித்தவஸ்துவாதிகள். பெண்ணாடத்துக்கு இத்தனை அருகில் வாழ்பவனுக்குத் தத்துவப் பிரிவுகளுக்குப் பெயர் சூட்டும் ஆசை எழுவது இயற்கையே. ஆயினும் அவ்வூரில் பிறந்த மெய்கண்டார் பதி பசு பாசம் மூன்றையும் 12 சூத்திரங்களில் முடித்துவிட்டார் என்பதை நினைக்கையில், ஒரு திரிக்காக இத்தனை வாக்கியங்களைச் செலவிடுவது குறித்துச் சிறிது கூச்சமும் உண்டாகிறது.

இங்கே பூர்வபட்சம் ஒன்று எழும். தமிழ்நாட்டு அரசு 2018இல் மின்சிகரெட்டைத் தடைசெய்தது. மறு வருஷம் மத்திய சர்க்கார், முதலில் அவசரச் சட்டமாகவும் பின்னர் முழுச் சட்டமாகவும், அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் யாவற்றையும் தேசமெங்கும் விலக்கியது. முதற்குற்றத்துக்கே ஓராண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே திட்டக்குடியில் இவ்விரண்டில் எது உத்தமம் என்று ஆராய்வது பிறவாத பிள்ளைக்கு ஜாதகம் கணிப்பதாகாதா? ஆகாது என்பதே நம் சித்தாந்தம். சட்டம் விலக்கியது வாயில் வைக்கும் ஆவியாக்கியை. சுவரில் செருகும் ஆவியாக்கியை அது தொடவில்லை. வெள்ளாற்றங்கரைக் கொசுக்களின் தயவால் இவ்வூரில் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு எரியும் கொசு மிஷினும் திரி, திரவம், சூடு, ஆவி என்ற அதே நான்கு அங்கங்களை உடையதுதானே!

எனினும் சாஸ்திர மரியாதைக்காக, வாய்க் கருவியின் பூர்வோத்தரத்தை முதலில் சொல்லிவிடுவோம். புகையிலையில்லாப் புகைக்கு அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1965லேயே காப்புரிமை பெற்றார், பெற்றதைச் சீண்டுவாரில்லை. சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் வகுத்த வடிவந்தான் உலகைப் பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளே சுற்றும் கம்பி இருவருக்கும் மூத்தது. ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற நிக்ரோமும், சுவீடன் தேசத்துக் காந்தலும் அடுப்புக்கும் உலைக்கும் என்று பிறந்த உலோகக் கலவைகள். செங்கல் சூளையில் உழைக்கத்தக்க கம்பியை ஒருவர் உதட்டருகில் வைத்துக்கொள்வது எவ்வளவு கௌரவமான காரியம் என்பதை வாசகரே நிர்ணயித்துக்கொள்ளலாம்.

சுயபந்தனவாதியின் பெருமையெல்லாம் ஓம் கணக்கில் இருக்கிறது. சுருளின் தடையைப் பாதியாக்கினால் மின்னோட்டம் இரட்டிக்கும், ஆவி பெருகும். ஆகவே அவர் தடையைக் குறைத்துக்கொண்டே போவார். முழுக்க ஏற்றிய பேட்டரியில் 4.2 வோல்ட், அதன்மேல் 0.2 ஓம் சுருளைக் கட்டினால் பாய்வது 21 ஆம்பியர். வீட்டில் கீசருக்கென்று ஒதுக்கிய தடித்த பிளக்குக்கே 16 ஆம்பியர்தான் வரம்பு. வோல்ட் சொற்பந்தானே என்று அவர் சமாதானம் சொல்வார். அந்தச் சமாதானம் சூடேறி வெடிக்கப்போகும் பேட்டரியின் காதில் ஏறுவதில்லை. சித்தவஸ்துவாதிக்கு இந்த உபத்திரவம் கிடையாது. ஓம் இத்தனை என்று காயிலின் மேலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் படிப்பதும் கிடையாது.

இதையெல்லாம் கேட்டு நம் பக்கத்தார் வியப்படைய மாட்டார்கள். பொம்மைகளோடு மின்சாரப் பீங்கானும் சுட்டெடுக்கும் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஃப்யூஸ் கட்டையைத் தெரியாதா? இரண்டு திருகாணி, நடுவே ஒரு கம்பி, கம்பி போனால் வேறு கம்பி: சுயபந்தனத்தின் ஆதி வடிவம் அதுவே. அது உருகும் பாவனையும் நம் சுபாவத்துக்கு ஒத்ததுதான். 5 ஆம்பியர் என்று எழுதிய கம்பி ஏறக்குறைய இரட்டிப்பு வரும்வரை பொறுத்துக்கொண்டிருந்து, அப்புறந்தான் உயிரை விடும். சித்தவஸ்துவாதிகளோ இப்போது எம்.சி.பி. என்னும் தட்டும் விசையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பழைய வீடுகளில் கம்பி கிடைக்காத நள்ளிரவில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிக் கட்டையில் வைத்த மகான்களும் உண்டு. புகையிலைக்கும் மின்சாரத்துக்கும் ஹான் லிக் முடிச்சுப் போடுவதற்கு வெகு காலம் முன்பே நம்மவர் போட்ட முடிச்சு அது. வீடு எரியாமல் தப்பியது தெய்வச் செயல்.

இனிக் கொசு மிஷின். குப்பி தீர்ந்ததும் புதுக் குப்பி வாங்குவது சித்தவஸ்து மார்க்கம். அதிலுள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற மருந்தைத் திரி இவ்வளவு வேகத்தில் இழுக்க வேண்டும் என்று ஆலையிலேயே கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். திரியைச் சூழ்ந்து சூடேற்றும் வில்லையும் ஒரு பீங்கானே. அது நம் களிமண் பீங்கானன்று, பேரியம் டைட்டனேட் என்னும் தூரத்து உறவு. ஆனால் குணத்தில் மகா உத்தமம். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியவுடன் தன் தடையைத் தானே பன்மடங்கு உயர்த்தி, மின்சாரத்தை மேலும் வரவிடாமல் அடக்கிக்கொள்கிறது. போதும் என்று தானாகச் சொல்லும் பொருளை விருந்துப் பந்தியில்கூட நான் கண்டதில்லை.

சுயபந்தன மார்க்கத்தாரோ காலிக் குப்பியின் மூடியை நெம்பித் திறந்து, வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, திரியை மீண்டும் சொருகி, பத்து ரூபாயில் காரியம் முடிந்தது என்று பூரிப்பார்கள். வேப்பெண்ணெய் கொழகொழப்பானது, அந்த மெல்லிய திரியில் அது சுலபமாக ஏறாது. ஏறவில்லையே என்று சிலர் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். சூடான வில்லையின் அடியில், இரவு முழுவதும், படுக்கைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்! இந்த இடத்தில் ஆராய்ச்சியாளன் தன் நடுநிலைமையைத் துறந்து, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறான்.

நெடுநேரம் இதைச் சிந்தித்ததில் எனக்குத் தோன்றியது, இந்த வழக்கில் ஆவியும் இல்லை, கொசுவும் இல்லை என்பதே. விவகாரம் முழுவதும் பழியைப் பற்றியது. வாங்கிய பொருள் கெட்டால் கடைக்காரரைத் திட்டலாம். அந்தச் சுகத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். தானே கட்டியது கெட்டால் திட்டுவதற்கு ஆளில்லை. ஆனால் கெடாமல் ஒரு வாரம் ஓடிவிட்டால் அதைப் பற்றி ஊரெல்லாம் பேசலாம். திட்டும் சுகம் பெரிதென்று கருதுவோரும், பேசும் சுகம் பெரிதென்று கருதுவோருமே இவ்விரு சமயத்தார். இரண்டையும் ஒருங்கே அனுபவிக்க வழிகண்டவர், எறிந்துவிட வேண்டிய லைட்டருக்குப் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கேஸ் ஏற்றிக் கொடுக்கும் மனிதர் ஒருவரே: எரிந்தால் அது அவர் கைத்திறமை, எரியாவிட்டால் கம்பெனியின் மோசம்.

தீர்ப்பு வேண்டுவோர்க்குச் சொல்கிறேன். வாய்க்கு இரண்டும் வேண்டாம். சட்டமும் நுரையீரலும் இதில் ஏகோபித்த அபிப்பிராயம் உடையவை. சுவருக்குக் கடைக் குப்பி போதும். ஏதாவது ஒரு கம்பியைத் தன் கையால் சுற்றியே தீர வேண்டும் என்று விரல் துடிப்பவர், மெயினை அணைத்துவிட்டு, வீட்டு ஃப்யூஸ் கட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொள்ளலாம். கம்பியை மட்டும் அளவு பார்த்து வாங்கவும்.