வடை சுட்ட பேய்: லயத்துத் திகில் நகைச்சுவை குறித்து ஓர் ஆய்வு முன்னுரை

தேவதைக் கதையைத் திருகித் திகிலும் சிரிப்பும் கலந்த தொகுப்புப் படமாக்குவது புதுமை என்கிறார்கள். சற்றே படித்தவர்கள், ஈலிங் ஸ்டுடியோவின் 'டெட் ஆஃப் நைட்' (1945) படத்தைக் காட்டுவார்கள். அதில் இயக்குநர்கள் 4 பேர். அன்று மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லிங்கி, பகாவ் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இயக்குநர் ஒரே பாட்டிதான். ஜெனரேட்டர் நின்றதும் படம் தொடங்கிவிடும்.

கதைகள் நால்வகைப்படும்.

1. முனி வகை: சிரிப்புக்கு இடமில்லை. கோயில் பக்கத்திலேயே இருக்கிறது.

2. கொள்ளிவாய்ப் பிசாசு வகை: பால்மரக்காட்டில் நகரும் வெளிச்சம். கிட்டப் போனால், நெற்றியில் விளக்குக் கட்டிய மாமா.

3. பொந்தியானாக் வகை: வாழை மரத்து மலாய்ப் பேய். பி. என். ராவ் இதை 1957இல் மலாய்ப் படமாக எடுத்தார். லயத்துக்கு வந்தால் தமிழில் வெற்றிலை கேட்கும்.

4. வடை வகை: காக்கை வடையைத் திருடியது, நரி பாடச் சொன்னது. இதுவரை ஊரறிந்த கதை. ஆனால் லயத்துப் பாடத்தில், வடை சுட்ட பாட்டிக்குக் கால் தரையில் படவில்லை (மூன்றாம் லயத்துப் பாட்டி, வாய்மொழி). அதைப் பார்த்த நரிதான் அலறிப் பாடியது (அதே பாட்டி, திருத்திய பதிப்பு, பேரன் தூங்கிவிட்டதாக நம்பியபின்). வடை பருப்பு வடையா, உளுந்து வடையா? உளுந்து வடையே என்பது என் துணிபு. ஓட்டை வழியே பார்த்தால்தான் பேயின் கால் தெரியும். இதை மறுப்போரும் உளர் (மேற்படி பாட்டியின் சம்பந்தி, குழாயடி உரை, தண்ணீர் வராத நாள், இரண்டாம் குடத்துக்கும் மூன்றாம் குடத்துக்கும் இடையே, வசவு நீக்கிய சுருக்கப் பதிப்பு). இந்தப் பருப்பு, உளுந்து இரு கட்சி ஆய்வாளர்களும் கருத்தொருமித்த ஒரே இடம், ஆய்வுக் கருத்தரங்கின் தேநீர் மேசை. ஒருவர் கட்டுரையை ஒருவர் கேட்காமலே கைதட்டியதும் அங்கேதான்.

முடிவு: திகில், பிள்ளை இருட்டில் வெளியே ஓடாதிருக்க. சிரிப்பு, அது அழாமல் தூங்க. விடியுமுன் பெரட்டுக்கு (வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போக வேண்டியிருந்த அம்மாவுக்கு இரண்டும் தேவைப்பட்டன. இவ்வளவையும் பாட்டியிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். ஒரு வரிக்கு முனைவர் பட்டம் தரமாட்டார்கள்.

மேலாய்வுக்கு உரியது: பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கிளையே இல்லாத மரத்தில் காக்கை எங்கே உட்கார்ந்து வடை தின்னும்? மானியம் கிடைத்தால் 300 பக்கத்தில் விளக்கத் தயார்.