கிளாவர் ஏழு: தாமிரபரணிக் கரைக் கழுதை ஆட்டம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

நோக்கம் இல்லாமல் ஆய்வு செய்யலாகாது என்பதால், ஒன்று உண்டு என்று கொள்க.

1. தொன்மை

சீட்டு சீனத்தில் தோன்றி, 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது என்பர் அயலார். பாபர் 1527இல் சிந்துவுக்குக் கஞ்சிஃபாச் சீட்டு அனுப்பிவைத்ததைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருப்பதையும் எடுத்துக் காட்டுவர். இவர்கள் தாமிரபரணிப் பக்கம் வந்ததில்லை.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். முதுமக்கள் தாழி கிடைத்தது, வெண்கலம் கிடைத்தது, பொன் பட்டமும் கிடைத்தது. சீட்டுக்கட்டு கிடைக்கவில்லை. அஃதேல், அன்று சீட்டே இல்லை எனலாமோ எனின், ஆகாது. அட்டை மக்கும் என்க. 2004-05இல் அங்கே நடந்த அகழாய்வின் முழு அறிக்கைக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒரு சீட்டுப் போட இவ்வளவு நேரம் எடுத்தால் எங்கள் ஊரில், “போடுல, மூதி” என்பார்கள்.

இனி அகச்சான்று. தொல்காப்பியத்தில் அதிகாரத்துக்கு 9 இயல். அதனோடு சீட்டின் 4 இனங்களைக் கூட்ட 13 வரும். சீட்டும் இனத்துக்கு 13. இதற்கு மேலும் சான்று கேட்பவர் தமிழ்ப் பகைவர்.

2. இலக்கணம்

நால்வர் அமர்ந்து ஆளுக்கு 13 சீட்டு எடுத்துக்கொள்க. இஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் தொடங்குவார். இறக்கிய இனத்தையே மற்றவரும் போட வேண்டும். நால்வரும் ஒரே இனம் போட்டால் அச்சீட்டுகள் ஓரம் போகும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்ததை இறக்குவார்.

அவ்வினம் கையில் இல்லாதவர் வேறொன்றைப் போடுவது வெட்டு. எடுத்துக்காட்டு: முதலாமவர் ஆட்டின் ராஜா இறக்குகிறார். இரண்டாமவர் ஆட்டின் நாலு. மூன்றாமவரிடம் ஆட்டின் இல்லை. டைமன் ராணியை ஓங்கி அறைகிறார். ஆட்டம் அங்கேயே நின்று, கீழே கிடக்கும் மூன்றும் ராஜாவைப் போட்டவர் தலையில் விழும். ராஜாவாக இருப்பதன் ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன அரசியல் நூல் இல்லை (திண்ணைப் படி, 3).

3. ஆட்டக்களம்

படித்துறை, கல் மண்டபம், கரண்ட் போன வீட்டுத் திண்ணை; குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கும் நாள் மட்டும் விலக்கு.

4. சட்ட நிலை

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொல்லிவிட்டது. கழுதை ஆட்டத்தில் திறமை உண்டா என்று கேட்டு எந்தக் கழுதையும் கோர்ட் படி ஏறியதாகத் தெரியவில்லை.

5. கரை வேறுபாடு

முதல் சுற்றில் விழும் வெட்டு செல்லாது என்பது நெல்லைக் கரையார் கொள்கை. செல்லும் என்பது பாளையங்கோட்டையார் கொள்கை. 1843இல் சுலோசன முதலியார் தம் கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டி இரண்டு ஊரையும் சேர்த்துவைத்தார். ஊர் சேர்ந்தது, வெட்டு சேரவில்லை (படித்துறைப் படி, ஈரம் பட்ட பக்கம்).

6. கிளாவர் ஏழு

இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. வீட்டில் கிடக்கும் எந்தக் கட்டிலும் 52 சீட்டு இருப்பதில்லை. முதலில் ஒன்று தொலையும். ஜோக்கரில் பேனாவால் எழுதிச் சமாளிப்பர். இரண்டாவது தொலைந்தால் இரண்டாவது ஜோக்கர். மூன்றாவதாகக் கிளாவர் ஏழு தொலையும்போது கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கத்தரித்து, நீலப் பேனாவில் மூன்று உருண்டையும் ஒரு காம்பும் வரைந்து, மேலே 7 என்று போடுவர். ஓரத்தில் மஞ்சள் இருக்கும். புரட்டினால் பிள்ளையாரின் பாதித் தும்பிக்கை இருக்கும்.

சிக்கல் இங்கேதான். அது யார் கையில் இருக்கிறது என்பது பின்பக்கத்தைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரியும்.

“ஏல, பிள்ளையார் யார்ட்ட இருக்காரு?”

“அண்ணாச்சிட்ட.”

“அப்பொ பயப்படாம கிளாவர் போடு. அவரு வெட்ட முடியாது.”

“வே, நீரு சீட்டப் பாக்கீரா, என் கையப் பாக்கீரா?”

இது குறித்து மூன்று பள்ளிகள் உள. பதிலி மூலமாகாது, ஆகவே ஏழு நான்கையும் நீக்கி 48 சீட்டில் ஆடுக என்பர் மூலவாதிகள். எழுதியது எழுதியபடி ஏழே என்பர் பதிலிவாதிகள். அசல் ஏழு பீரோவுக்கு அடியில் இருக்கிறது, ஒருநாள் வரும் என்பர் மூன்றாமவர். மூன்றாமவர் தரப்புக்குச் சேரன்மகாதேவிச் சுவடி ஆதாரம் (ஓலை அன்று, கரண்ட் பில்லின் பின்பக்கம், முதல் வரி கரையானுக்கு, கடைசி வரி காப்பிக்கு, எஞ்சிய நடுவரி பதிப்பாசிரியருக்கே விளங்கவில்லை, ஆகவே மிக முக்கியமானது, அதற்கு ஒரு விளக்கவுரை, விளக்கவுரைக்கு ஒரு மறுப்பு, மறுப்பாசிரியருக்குப் பொன்னாடை).

இதில் சீட்டாடிகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பொதிகை அகத்தியர் செய்ததாகச் சொல்லப்படும் அகத்தியம் முழுதாகக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுதியவை தாராளமாகக் கிடைக்கின்றன. கையில் இருக்கிற சீட்டுகளைப் பற்றி ஒரு வரி எழுத ஆளில்லை. காணாமற்போன ஒன்றுக்குத்தான் மூன்று பள்ளியும், ஆண்டுக்கொரு பன்னாட்டுக் கருத்தரங்கும். பேராளர் கட்டணம் தனி.

7. அழுகுணி ஆட்டம்

தோற்பவர் எழுப்பும் கோட்பாட்டுப் பிரச்சினை இப்பெயர் பெறும்.

8. முடிவுரை

கையிலிருக்கும் தாள்களை முதலில் ஒழித்தவர் பிழைத்தார். கடைசிவரை தாளாகச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கழுதை. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போடும் வேலையும் அவருக்கே. ஒருவர் சேர்த்த தாள்களை எண்ணிப் பார்த்துப் பதவி உயர்வு கொடுக்கும் இடங்களும் நாட்டில் உண்டு. அங்கெல்லாம் இவ்விதி செல்லாது என்க.